படைப்பின் சகோதரர் புனித பிரான்சிஸ் அசிசியார்



ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி திருச்சபை புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருவிழாவைக் கொண்டாடுகின்றது. அவரது சொரூபத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். கபில நிற அங்கி, இடையில் முடிச்சிட்ட கயிறு, தோளிலும் கையிலும் பறவைகள், காலடியில் ஓர் ஓநாய். சிறுவர்கள் விரும்பிப் பார்க்கும் சொரூபம் அது. ஆயினும் அந்தச் சொரூபத்துக்கு முன்னால் சற்று நின்று நாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் திகதி, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவரைச் சுற்றுச்சூழலைப் பேணுவோரின் விண்ணகப் பாதுகாவலராக அறிவித்தார். பறவைகளை நேசித்தார் என்பதற்காக மட்டுமா இவருக்கு இப்பெருமை வழங்கப்பட்டது? இவரது வாழ்வை முழுமையாக நோக்கினால், நமது குடும்பங்களும் பங்குகளும் கற்றுக்கொள்ள வேண்டிய வேறொரு பாடம் அதில் இருப்பதைக் காண்போம்.

இத்தாலி நாட்டின் உம்பிரியாப் பகுதியில், சுபாசியோ மலைச்சரிவில் அமைந்த சிறு நகரம் அசிசி. அங்கே 1181ஆம் ஆண்டிலோ 1182ஆம் ஆண்டிலோ பேதுரு பெர்னார்தோனே என்னும் புடைவை வணிகரின் மகனாக இவர் பிறந்தார். தாயார் பெயர் பீக்கா. திருமுழுக்கில் இவருக்கு அருளப்பர் என்னும் பெயர் இடப்பட்டது. வணிகத்தின் பொருட்டுப் பிரான்சு நாட்டுக்குச் சென்றிருந்த தந்தை, திரும்பி வந்த பின்னர் மகனைப் பிரான்சிஸ் என்று அழைக்கலானார். அப்பெயரே நிலைத்துவிட்டது. விலையுயர்ந்த துணிகளை வாங்கி விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் அது. இளைஞரான பிரான்சிஸ் நல்ல ஆடை அணிந்து, நண்பர்களுக்கு விருந்தளித்து, ஆடல் பாடல்களில் காலத்தைக் கழித்தார். போர்வீரனாகப் புகழ் பெற வேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது. 1202ஆம் ஆண்டில் அசிசிக்கும் அயல் நகரான பெருஜியாவுக்கும் மூண்ட போரில் கலந்துகொண்டார். அசிசி தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டைச் சிறையில் கழித்தார். விடுதலையான பின்னர் நெடுநாள் நோயுற்றார்.

நோயிலிருந்து எழுந்தவரின் உள்ளத்தில் பழைய இன்பங்கள் சுவையற்றுப் போயின. ஆனால், அவர் உடனே காடுகளையும் பறவைகளையும் நாடிச் செல்லவில்லை. 1226ஆம் ஆண்டில், சாவு நெருங்கிய வேளையில், தமது சகோதரர்களுக்கென ஓர் இறுதிச் சாசனத்தை அவர் சொல்லி எழுதுவித்தார். அதில் தமது மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் குறிப்பிடுவது தொழுநோயாளர்களையே. முன்பு அவர்களைக் கண்டாலே அருவருத்து ஒதுங்கியவர் அவர். அக்காலத்தில் தொழுநோயாளர் நகரத்துக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்டிருந்தனர். ஆண்டவரே தம்மை அவர்கள் நடுவே அழைத்துச் சென்றார் என்றும், அவர்களுக்கு இரக்கம் காட்டிய பின்னர் கசப்பாயிருந்தது தமக்கு இனிமையாக மாறியது என்றும் அவர் நினைவுகூருகின்றார். அன்பானவர்களே, இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். எல்லோரும் வெறுத்து ஒதுக்கிய மனிதனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்ட பின்னரே, அவர் பறவையையும் புழுவையும் சகோதரராகக் கண்டார்.

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்னும் இடிந்த சிற்றாலயத்தில் சிலுவைக்கு முன்னால் செபித்தபோது, வீழ்ந்து கிடக்கும் தமது இல்லத்தைச் சீர்படுத்துமாறு ஆண்டவர் தம்மை அழைப்பதாக அவர் உணர்ந்தார். தந்தையின் கடையிலிருந்த துணிகளை எடுத்து விற்று, ஆலயத் திருப்பணிக்குப் பணம் கொடுக்க முயன்றார். தந்தை கடுங்கோபமுற்று மகனை ஆயரின் முன்னிலையில் நிறுத்தினார். 1206ஆம் ஆண்டில் ஆயர் கீதோவின் முன்பாக, ஊரார் பார்த்திருக்க, பிரான்சிஸ் பணத்தை மட்டுமன்றித் தாம் உடுத்திருந்த ஆடைகளையும் களைந்து தந்தையிடம் ஒப்படைத்தார். இனி விண்ணகத் தந்தையே தமக்குத் தந்தை என்று அறிவித்தார். ஆயர் தமது மேலாடையால் அவரை மூடினார்.

அன்று முதல் தமக்கென எதுவும் இல்லாதவராக அவர் வாழ்ந்தார். உடைமை இல்லாதவனுக்கு எல்லாமே கொடையாகத் தோன்றும். வெயில் கொடை, ஊற்றுநீர் கொடை, ஒரு துண்டு அப்பமும் கொடை. இவை என்னுடையவை என்று சொல்ல எதுவும் இல்லாத நிலையில்தான், இவை என் தந்தையுடையவை என்று சொல்லும் மகிழ்ச்சி அவருக்குக் கிடைத்தது.

விரைவில் தோழர்கள் அவரோடு சேர்ந்தனர். 1209ஆம் ஆண்டில் அவர்கள் உரோமாபுரி சென்று, பாப்பரசர் மூன்றாம் இன்னோசெந்தியாரிடம் தமது எளிய வாழ்வுமுறைக்கு அங்கீகாரம் பெற்றனர். அசிசிக்குக் கீழேயுள்ள சமவெளியில் போர்சியுங்குலா என்னும் சிற்றாலயத்தைப் பெனடிக்ற் சபைத் துறவிகள் அவர்களது பாவனைக்கு அளித்தனர். பிரான்சிஸ் அதைச் சொந்தமாக ஏற்க மறுத்தார். அது வேறொருவருடையது என்பதைத் தம் சகோதரர்கள் மறந்துவிடலாகாது என்பதற்காக, ஆண்டுதோறும் ஒரு கூடை சிறுமீன்களை வாடகையாக அத்துறவிகளுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் பதிலாக ஒரு பாத்திரம் எண்ணெய் அனுப்பினார்கள். மனிதன் இப்பூமியில் எவ்வாறு குடியிருக்க வேண்டும் என்பதற்கு அந்த மீன்கூடை நல்லதோர் அடையாளம். ஆதியாகமத்தில் கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்திக் காப்பதற்காகவே. தோட்டத்தின் உரிமைப் பத்திரம் அவனிடம் கொடுக்கப்படவில்லை.

இனி, படைப்புக்கள்மீது அவர் காட்டிய அன்பைப் பார்ப்போம். அவரை நேரில் அறிந்தவரும், அவரது வரலாற்றை முதன்முதல் எழுதியவருமான செலானோ தோமஸ் என்னும் துறவியும், அவருடன் வாழ்ந்த சகோதரர்களும் பல செய்திகளை நமக்கு விட்டுச்சென்றிருக்கின்றனர். அவை பெரும்பாலும் மிகச் சிறிய செயல்கள். பாதையில் ஊரும் புழுவை எவரும் மிதித்துவிடாதபடி எடுத்து ஓரமாக விடுவார். குளிர்காலத்தில் தேனீக்கள் மாண்டுபோகாதிருக்க அவற்றுக்குத் தேனோ நல்ல திராட்சை இரசமோ வைக்கச் செய்வார். கைகழுவும்போது, சிந்தும் நீர் காலால் மிதிபடாத இடமாகப் பார்த்துக் கழுவுவார். விறகு வெட்டும் சகோதரரிடம், மரத்தை அடியோடு வெட்டிவிடாது, மீண்டும் துளிர்க்கும் வண்ணம் அடிப்பாகத்தை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்வார். தோட்டம் செய்யும் சகோதரரிடம், நிலம் முழுவதிலும் மரக்கறிகளை நட்டுவிடாமல், காட்டுப் பூண்டுகளும் பூக்களும் தம் விருப்பப்படி வளர ஓரிடத்தை ஒதுக்கும்படி சொல்வார்.

விறகும் வேண்டும், மரக்கறியும் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. மனிதனின் தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அவர் சகோதரர்களுக்குக் கற்பித்த பாடம். மரத்தின் அடியும் தோட்டத்தின் ஓரமும் கடவுளுக்கும் ஏனைய உயிர்களுக்கும் உரிய பங்கு.

பெவாஞா என்னும் ஊருக்கு அருகே பறவைக் கூட்டம் ஒன்றைக் கண்டு, படைத்தவரைப் போற்றுமாறு அவற்றுக்கு அவர் போதித்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. அதைவிட அதிகம் அறியப்படாத ஒரு செய்தி உண்டு. பேரரசரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அவரிடம் ஒரு சட்டம் இயற்றுமாறு கேட்க வேண்டும் என்று பிரான்சிஸ் விரும்பினார். நத்தார் நாளில் பறவைகள் உண்பதற்காக வீதிகளில் தானியம் தூவப்பட வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்திலும் கூடுதலாகத் தீவனம் கொடுக்கப்பட வேண்டும், செல்வர்கள் அன்று ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும் என்பதே அந்த விருப்பம். ஏழையின் பசியையும் குருவியின் பசியையும் அவர் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்தே நினைத்தார். இது தனியொருவரின் இரக்கத்தோடு நின்றுவிடலாகாது, ஊரே ஏற்றுச் செய்யும் ஒழுங்காக மாற வேண்டும் என்றும் எண்ணினார்.

குப்பியோ நகரத்து ஓநாயின் கதையும் இத்தகையதே. அது அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் தொகுக்கப்பட்ட நூலில் இடம்பெறுவதால், வரலாற்று நிகழ்ச்சி என்று அதை உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் அதன் பொருள் ஆழமானது. மனிதரையும் கால்நடைகளையும் கொன்ற ஓநாயைப் பிரான்சிஸ் சந்தித்தார். அது பசியாலேயே தீங்கு செய்தது என்று கண்டார். இனி எவருக்கும் தீங்கு செய்வதில்லை என ஓநாயும், நாள்தோறும் அதற்கு உணவளிப்பதென ஊராரும் உடன்பட்டனர். உடன்படிக்கையில் இரு தரப்புக்கும் கடமை இருந்தது. யானைகள் வயலுக்குள் இறங்கும் நமது கிராமங்களில் வாழ்வோருக்கு இக்கதை வெறும் கற்பனையாகத் தோன்றாது. காட்டை இழந்த விலங்கின் பசியும், பயிரை இழந்த உழவனின் கண்ணீரும் ஒன்றாகத் தீர்க்கப்பட வேண்டியவை.

1223ஆம் ஆண்டு நத்தார் இரவில் கிரேச்சியோ என்னும் ஊரில், வைக்கோல் பரப்பிய முன்னிட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்து, ஆண்டவரின் பிறப்பை ஊரார் கண்முன் கொண்டுவந்தார். இன்று நம் இல்லங்களில் நாம் அமைக்கும் பாலன் குடிலுக்கு அவ்விரவு நல்ல முன்மாதிரியாயிற்று. கடவுளின் திருமகன் மனிதரோடு மட்டுமன்றி, மண்ணோடும் வைக்கோலோடும் விலங்குகளோடும் உறவுகொள்ளப் பிறந்தார் என்பதை அவ்வூர் எளிய மக்கள் அன்று கண்டுணர்ந்தனர்.

அடுத்த ஆண்டு, 1224 செப்டெம்பர் மாதத்தில், லா வேர்னா மலையில் செபித்திருந்தபோது ஆண்டவரின் ஐந்து காயங்களும் அவரது உடலில் பதிந்தன. அதன்பின் அவரது வாழ்வு துன்பம் நிறைந்ததாயிற்று. கண்நோய் முற்றிப் பார்வை மங்கியது. பகல் வெளிச்சத்தையோ இரவில் தீயின் ஒளியையோ அவரால் தாங்க முடியவில்லை. 1225ஆம் ஆண்டில் சான் தமியானோவில், புனித கிளாராவின் துறவு இல்லத்துக்கு அருகே, ஒரு சிறு குடிசையில் ஐம்பது நாள்களுக்கு மேலாக இருளில் கிடந்தார். எலிகள் அவர்மீது ஓடித் திரிந்தமையால் உறங்கவும் இயலவில்லை. அந்நிலையிலேயே படைப்புக்களின் பாடல் என்று நாம் அறியும் புகழ்ப்பாவை உம்பிரியா மக்களின் பேச்சுமொழியில் அவர் இயற்றினார். இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய பாடல்களுள் அதுவும் ஒன்று.

வாசகர்களே, இதை எண்ணிப் பாருங்கள். சூரியனைச் சகோதரன் என்று போற்றிய மனிதரால் அந்தச் சூரியனைப் பார்க்க முடியவில்லை. அழகிய காட்சியைக் கண்டு மகிழ்ந்த ஒருவர் ஓய்வு வேளையில் எழுதிய பாட்டன்று அது. தமக்குப் பயன்படாத ஒளிக்காகவும் அவர் இறைவனைப் புகழ்ந்தார். நமக்குப் பயன் தருபவற்றை மட்டும் பேணுவது வணிகம். கடவுள் படைத்தார் என்பதற்காகவே பேணுவது விசுவாசம்.

அப்பாடல் பின்னர் இருமுறை வளர்ந்தது. அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை மூண்டது. ஆயர் நகரத் தலைவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். நகரத் தலைவரோ ஆயருடன் எவரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாகாது என்று கட்டளையிட்டார். எவரும் சமாதானம் செய்ய முன்வராததைக் கண்டு நோயாளியான பிரான்சிஸ் வருந்தினார். மன்னிப்போரையும் பொறுமையோடு துன்பம் தாங்குவோரையும் குறித்த ஒரு பகுதியைத் தமது பாடலில் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் அதைப் பாடுமாறு சகோதரர்களை அனுப்பினார். பாடலைக் கேட்ட இருவரும் ஒருவரையொருவர் அரவணைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர். சூரியனையும் நீரையும் பாடும் பாட்டில் மன்னிப்பும் இடம்பெற்றது இவ்வாறுதான். போர் வந்தால் மனிதர் மட்டுமா மடிகின்றனர்? பனைகள் தலையிழந்து நின்றதையும், வயல்கள் கண்ணிவெடிகளால் தரிசானதையும் நாம் கண்டவர்கள். பகையுள்ள மண்ணில் படைப்புக்கும் பாதுகாப்பில்லை.

இறுதியாக, சாவையும் சகோதரியாக வரவேற்கும் பகுதியை அவர் சேர்த்தார். 1226ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் திகதி மாலை, போர்சியுங்குலாவில் இறைவனடி சேர்ந்தார். இறக்குமுன் தம்மை ஆடையின்றி வெறுந்தரையில் கிடத்துமாறு கேட்டுக்கொண்டார். அந்தி வேளையில் வானம்பாடிகள் கூட்டமாக வந்து கூரைமேல் வட்டமிட்டன என்று உடனிருந்தோர் பதிவுசெய்துள்ளனர். ஈராண்டுகளுக்குள், 1228 ஜூலை 16இல், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அவருடைய புதல்வர்கள் 1543ஆம் ஆண்டில் நமது நாட்டுக்கும் வந்து, கோட்டை இராச்சியத்தில் நற்செய்திப் பணியைத் தொடங்கினர். ஆகவே அவரது பெயர் நமக்கு அந்நியமானதன்று. 2013ஆம் ஆண்டில் அவரது பெயரையே ஏற்றுக்கொண்ட பாப்பரசர் பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டில் லௌதாத்தோ சீ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அதன் பெயரும் அசிசியாரின் பாடலிலிருந்தே எடுக்கப்பட்டது. பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வெவ்வேறானவை அல்ல என்பது அம்மடலின் மையக் கருத்து. அதே ஆண்டில் செப்டெம்பர் 1ஆம் திகதியைப் படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகவும் அவர் ஏற்படுத்தினார். அந்நாளிலிருந்து அசிசியாரின் திருவிழா வரையான நாள்கள் படைப்பின் காலமாகக் கொண்டாடப்படுகின்றன.

பூமிக்கு நேரும் தீங்கு ஏழையையே முதலில் தாக்கும் என்பதற்கு நமது கடற்கரையே சாட்சி. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பின்னர் கடலில் மூழ்கியபோது, பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அன்று அடுப்பெரியாமற் போனவை கத்தோலிக்க மீனவர் பலரின் வீடுகளுமாகும். அசிசியார் இன்று நம் நடுவே வந்தால், கடலைப் பார்க்குமுன் அம்மீனவரின் குடிசைக்கே செல்வார்.

அவ்வாறாயின், நமது பங்குகள் செய்யக்கூடியது என்ன? ஆண்டுக்கொருமுறை மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதோடு நமது கடமை தீர்ந்துவிடுமா? நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று பங்கு அருட்பணிச் சபையில் ஒருவரின் பெயரைக் குறித்துவைப்பது அதனினும் மேலானது. பாதுகாவலரின் பெருவிழாவுக்குப் பொலித்தீன் கொடிகளுக்குப் பதிலாகத் துணிக்கொடிகளையும் தென்னங்குருத்துத் தோரணங்களையும் கட்டலாம். அன்னதானத்துக்கு வாழையிலையோ கழுவிப் பாவிக்கும் கோப்பைகளோ போதும். யாத்திரைத் தலங்களுக்குச் செல்லும்போது, நாம் கொண்டுசென்ற போத்தலையும் பையையும் நாமே திரும்ப எடுத்துவரலாம். ஆலய வளவிலும் சேமக்காலையிலும் ஒரு மூலையைப் பூண்டுகளுக்கும் பறவைகளுக்கும் விட்டுவைக்கலாம். கூரையில் விழும் மழைநீரைக் கிணற்றடிக்குத் திருப்பிவிடலாம். நத்தார் காலத்தில் வீண் அலங்காரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை, வெள்ளத்தாலும் வரட்சியாலும் தொழிலிழந்த குடும்பத்துக்கு ஒதுக்கலாம்.

இவற்றையெல்லாம் துறவிகள் மட்டுமே செய்ய முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். பிரான்சிஸ் உயிரோடிருந்த காலத்திலேயே, இல்லறத்தில் இருந்தபடி அவர் வழியில் நடக்க விரும்பியோர் பெருகினர். 1221ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு வாழ்வொழுங்கு வகுக்கப்பட்டது. சாயமிடாத எளிய துணியை உடுத்துவது, மாதந்தோறும் ஒரு காசு சேர்த்து ஏழைகளுக்கு வழங்குவது, நோயாளரைச் சந்திப்பது, கொலைக்கருவிகளை ஏந்தாதிருப்பது ஆகியவை அவ்வொழுங்கில் அடங்கின. தாயும் தந்தையும் பிள்ளைகளும் உள்ள சாதாரண வீடுகளே அவை. புடைவை வியாபாரியின் மகன் அணிந்த விலையுயர்ந்த ஆடைக்கும், அந்த எளிய குடும்பங்கள் உடுத்த சாயமிடாத துணிக்கும் இடையிலேதான் அசிசியார் கண்ட மனமாற்றம் இருக்கின்றது.

எனவே அன்புக்குரியவர்களே, 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி அவர் மறைந்த எண்ணூறாவது ஆண்டு நிறைவு நாள். அந்த நிறைவை முன்னிட்டு நம் குடும்பச் செபவேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் வீட்டில் தேவைக்கு மேல் இருப்பது எது? நாம் வெட்டிய எந்த மரத்துக்கு மீண்டும் துளிர்க்க இடம் வைத்தோம்? நம் அயலில் நாம் ஒதுக்கிவைத்த தொழுநோயாளி யார்? இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை காண முயலும் வீட்டிலும் பங்கிலும் அசிசியாரின் பாடல் இன்றும் ஒலிக்கும்.

எல்லாம் வல்ல இறைவா, உம் கைவேலையான இப்பூமியை எங்கள் உடைமையாகக் கருதாமல், உம்மிடம் வாடகைக்குப் பெற்ற இல்லமாகப் பேணி, எங்களுக்குப் பின் வருவோரிடம் பழுதின்றி ஒப்படைக்க எங்களுக்கு அருள்தாரும். புனித பிரான்சிஸ் அசிசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.